இடுப்புக்குள் ஒரு கவரிங்: பதினான்கு மாதம் கழித்து

சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் 29 வருஷம் கவரிங் பட்டறை வைத்திருந்தேன். செம்பு, பித்தளை நகைகளுக்குத் தங்க முலாம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற வேலை. கடைக்காரர் கேட்டாலும் சரி, நேரே பட்டறைக்கு வரும் பெண்கள் கேட்டாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மாசம் கருக்காம இருக்கும்?" ஆறு மாதம் என்றால் முகம் வாடிவிடும். இரண்டு வருஷம் என்றால் நம்பமாட்டார்கள். நான் எப்போதும் பத்து மாதம் என்று சொல்வேன்.

2024 ஆகஸ்டில், புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் உட்கார்ந்து அதே கேள்வியை நான் கேட்டேன். மேஜைமேல் மாதிரிக்கு ஓர் உலோகத் தண்டு கிடந்தது. முக்கால் சாண் நீளம் இருக்கும். கழுத்து பளபளப்பாக இருந்தது. கழுத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. விரலால் தடவிப் பார்த்தேன். தேய்ந்துபோன உப்புத்தாளில் ஒரு சொரசொரப்பு மிச்சமிருக்குமே, அது மாதிரி. நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். பழக்கதோஷம். வரவில்லை.

"இந்தக் கவரிங் எத்தனை வருஷம் வரும், டாக்டர்?"

பக்கத்தில் நின்ற கம்பெனி ரெப் முந்திக்கொண்டு, "லைஃப் டைம் சார்" என்றார். என் கடைக்காரர்களும் வாடிக்கையாளரிடம் அதைத்தான் சொல்வார்கள். அந்தப் பதில் என்ன பெறும் என்று எனக்குத் தெரியும். டாக்டரைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அது நிலைக்கணும்னு அவசியம் இல்லைங்க ஐயா. எலும்பு வந்து பிடிச்சுக்கற வரைக்கும் இருந்தாப் போதும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போனாலும் பரவாயில்ல."

முலாம் போட்டுப் பிழைத்தவனிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! அன்று எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இன்று அந்தப் பதிலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இது டாக்டரைப் பற்றியோ மருத்துவமனையைப் பற்றியோ எழுதும் விமர்சனம் இல்லை. என் இடது இடுப்புக்குள் 14 மாதமாக இருக்கும் ஒரு பொருளைப் பற்றியது. சிமெண்ட் போடாமல் வைக்கிற, எலும்புத் தாது பூசிய டைட்டானியத் தண்டு. கம்பெனி பெயரைப் போடவில்லை. நான் உபயோகித்தது ஒன்றே ஒன்று. ஒன்றை வைத்து ஒரு கம்பெனியைத் தூக்குவதும் தவறு, தாழ்த்துவதும் தவறு.

எதற்கு இது வேண்டிவந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் ஆசிட் புகைக்கு நடுவே இருந்ததில் எனக்கு மூச்சிரைப்பு. மருந்துக் கடையில் "போன தடவை கொடுத்த அதே மாத்திரை" என்று கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கினேன். அது ஸ்டீராய்டு. தொடை எலும்பின் தலையில் இருக்கிற பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று, பந்து செத்துப்போய்விட்டது. ஸ்கேனில் பார்த்தால் காற்றுப்போன ரப்பர் பந்து மாதிரி ஒரு பக்கம் சப்பியிருந்தது. வயது 57.

செத்த பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைப்பார்கள். அதைத் தாங்கும் தண்டைத் தொடை எலும்புக்குள் நிறுத்த இரண்டு வழி இருக்கிறது. ஒன்று சிமெண்ட். பெயர்தான் சிமெண்ட், உண்மையில் பல்செட் செய்கிறார்களே, அந்த அக்ரிலிக் வகை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960களில் இடுப்பு மாற்று சிகிச்சையை நிலைநாட்டியது அதை வைத்துத்தான். எலும்பு மெலிந்த வயதானவர்களுக்கு இன்றைக்கும் அதையே போடுகிற டாக்டர்கள் நிறையப் பேர். இரண்டாவது வழி, தண்டை இறுக்கமாக அடித்து இறக்கிவிட்டு, எலும்பே வளர்ந்து வந்து பிடித்துக்கொள்ளும்படி விடுவது. என் எலும்பு திடமாக இருந்ததால் எனக்கு இரண்டாவது.

இனி பூச்சுக்கு வருகிறேன்.

கவரிங்கில் உள்ளே மலிவு, வெளியே விலை. இதில் உள்ளே விலை, வெளியே மலிவு. தண்டு டைட்டானியக் கலவை. நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியம், நான்கு பங்கு வனேடியம். மேலே இருக்கும் வெள்ளைக்குப் பெயர் ஹைட்ராக்ஸிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் தாது கிட்டத்தட்ட அதுவேதான். சுத்தமான பொருளில் பத்து கால்சியத்துக்கு ஆறு பாஸ்பரஸ். தங்கத்தில் மாற்றுப் பார்ப்பவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. தங்கத்தை ஈயத்தோடு உருக்கிச் சுத்தம் பார்க்கும்போது ஈயத்தை உறிஞ்சிக்கொள்ள எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணம் வைக்கிற வழக்கம் உண்டு. அந்தச் சாம்பலுக்கு இது நெருங்கிய உறவு. விலையுயர்ந்த உலோகத்தின் மேல் எலும்புச் சாம்பல் பூசுகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். "திருநீறு பூசின மாதிரியா?" என்றாள் என் மனைவி. அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

சரி, டைட்டானியம் நல்ல உலோகம்தானே, பூச்சு எதற்கு? பூச்சில்லாமலும் எலும்பு அதை ஏற்கும். சுவீடன்காரர் பிரானெமார்க் 1950களில் முயலின் எலும்புக்குள் டைட்டானியத்தில் செய்த சின்னக் கருவியைப் பதித்து ரத்த ஓட்டத்தைக் கவனித்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அதை வைத்து 1965ல் ஒரு மனிதரின் தாடையில் செயற்கைப் பல்லுக்கு வேர் பதித்தார். ஆனால் வெறும் டைட்டானியத்திடம் எலும்பு மெதுவாகத்தான் வரும். அதற்குள் தண்டு கொஞ்சம் ஆடிவிட்டால் போச்சு, எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வந்து சூழ்ந்துகொள்ளும். பிறகு நடக்க நடக்க வலிதான். மேலே எலும்பின் உப்பையே பூசிவிட்டால், ஊர் தெரியாதவன் சொந்தக்காரன் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. கதவு சீக்கிரம் திறக்கும்.

என் தண்டில் பூசிய முறை பிளாஸ்மா ஸ்பிரே. ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் சீறும் சுடருக்குள் பொடியைத் தூவுவார்கள். பொடி உருகியும் உருகாமலும் பறந்துபோய் உலோகத்தில் மோதி அடைமாதிரித் தட்டையாகி ஒட்டும். அதற்கு முன்னால் உலோகத்தின்மேல் மணல்போன்ற துகளை வீசியடித்துச் சொரசொரப்பாக்குவார்கள். முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட பிறகுதான் நாங்கள் நகையைத் தொட்டியில் இறக்குவோம். இங்கே பாலிஷ்தான் எதிரி. பிடிப்பதற்கு மேடுபள்ளம் வேண்டும்.

கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் போட்டுக் கொடுத்த தங்கம் அரை மைக்ரான் இருந்தால் பெரிய விஷயம். இங்கே 50 மைக்ரானில் ஆரம்பித்து 200 வரை போகிறது. ஒரு தலைமுடி 70, 80 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், கூடினால் இரண்டரை மயிரிழைக் கனம். இவ்வளவு கனமாகப் போடுகிறார்களே என்று முதலில் பொறாமைகூட வந்தது. ஆனால் கனம் ஏறினால் தரம் ஏறும் என்று நினைக்கக் கூடாது. இது பீங்கான் ஜாதி. கனம் கூடினால் விரிசல் விட்டு உரியும். உரிந்த துணுக்கு மூட்டுக்குள் போனால் பந்துக்கும் அது உட்கார்ந்து சுழலும் இடுப்புக் கிண்ணத்துக்கும் நடுவே மணல் விழுந்த மாதிரி. அதோடு, அந்தச் சூட்டில் பொடியின் ஒரு பங்கு வேறு வகை உப்பாக மாறிவிடும். அது உடம்பில் வேகமாகக் கரையும்.

ஒட்டுகிறதா என்று பார்க்க நாங்கள் செலோடேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுப்போம். டேப்பில் மஞ்சள் வந்தால் அந்தச் சரக்கு திரும்பத் தொட்டிக்குப் போகும். இவர்களும் செய்வது அதுதான், அளவுதான் வேறு. பூச்சின்மேல் பசை தடவி இன்னோர் உலோகத் துண்டை ஒட்டி இயந்திரத்தில் வைத்து இழுப்பார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டனாவது தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 150 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு நகத்தால் சுரண்டிப் பார்த்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகப் போனது.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கை மகன் ஒரு கல்லூரியில் இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறான். படுத்துக்கிடந்த நாளில் அவனைப் பிடித்துக்கொண்டேன். நடக்க ஆரம்பித்ததும், "வாங்க மாமா, உங்க தொழிலையே உங்களுக்குக் காட்டறேன்" என்று ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனான்.

அங்கே பார்த்தது தண்டில் இருப்பதைவிட எனக்குப் பிடித்துப்போனது. சூடே இல்லாமல் எலும்பு உப்பை உலோகத்தின்மேல் வளர்க்கிறார்கள். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கொக்குபோ கொண்டுவந்த முறை. டைட்டானியத் தகட்டை முதலில் காஸ்டிக் சோடாக் கரைசலில் 60 டிகிரியில் ஒரு நாள் ஊறவைக்கிறார்கள். பிறகு 600 டிகிரி உலையில் ஒரு மணி நேரம். இப்போது தகட்டின்மேல் சோடியம் கலந்த ஒரு தோல் உண்டாகியிருக்கும். அப்புறம்தான் விசேஷம். நம் ரத்தத்திலிருந்து அணுக்களையும் புரதத்தையும் எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் உப்புத் தண்ணீர் எப்படி இருக்குமோ, அதே அளவில் உப்புகளைக் கரைத்து ஒரு தண்ணீர் தயாரிக்கிறார்கள். லிட்டருக்கு எட்டு கிராம் சோற்றுப்பு. கால்சியம், பாஸ்பேட், மக்னீசியம் எல்லாம் துளித்துளி. தேவனாம்பட்டினம் கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும், அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. தகட்டை அதில் போட்டு 36.5 டிகிரியில் வைத்துவிடுகிறார்கள். உடம்புச் சூடு. அவ்வளவுதான். தோலில் இருக்கும் சோடியம் தண்ணீருக்குள் போகும், அந்த இடத்துக்குக் கால்சியம் வரும், கால்சியத்தைத் தேடிப் பாஸ்பேட் வரும். சில நாளில் தகடு மங்கி வெண்சாம்பலாகிவிடும்.

ஆய்வகம் முழுக்கக் கண்ணாடிப் பாத்திரம். இதை மட்டும் ஏன் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "கண்ணாடியிலயும் வளர்ந்துடும் மாமா" என்றான். உப்புகளைப் போடும் வரிசை மாறினால் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கிவிடுமாம், அப்படியே கொட்டிவிட வேண்டியதுதானாம். என் தங்கக் கரைசலும் இப்படித்தான் படுத்தும். ஆளைப் பார்த்துக் கலங்கும் சாமான்!

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைக் கணினியில் காட்டினான். சீத்தாப்பழத் தோல். அச்சாக அதேதான், உருண்டை உருண்டையாக ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு. இன்னும் பெரிதாக்கினால் ஒவ்வோர் உருண்டையும் மெல்லிய இதழ் இதழாக இருக்கிறது.

அடுத்த மேஜையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வீட்டுக்கு வந்துவிட்ட உணர்வு. தொட்டி, ரெக்டிஃபையர், இரண்டு கம்பி. கால்சியம் நைட்ரேட்டும் அம்மோனியம் பாஸ்பேட்டும் கரைத்த தண்ணீர். எதிர்மின்முனையில், நான் நகையைக் கட்டித் தொங்கவிடும் அதே இடத்தில், டைட்டானியத் துண்டு. ஆனால் இங்கே நடப்பது முலாம் இல்லை. தங்க முலாமில் தங்கமே மின்சாரத்தை வாங்கிக்கொண்டு போய் உட்காரும். இங்கே மின்சாரம் தண்ணீரைத்தான் உடைக்கிறது. உலோகத்தை ஒட்டினாற்போல் இருக்கும் தண்ணீர் காரமாகிவிடுகிறது. காரத்தில் கரைய முடியாமல் உப்பு அங்கேயே படிகிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் கெட்டில் கம்பியில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளுமே, அந்தச் சமாச்சாரம்தான். கெட்டிலில் சூடு செய்யும் வேலையை இங்கே மின்சாரம் செய்கிறது. கெட்டிலில் படிந்தால் திட்டுகிறோம். இடுப்பில் படிந்தால் காசு கொடுக்கிறோம்.

குறை ஒன்று பார்த்ததுமே கண்ணில் பட்டது. துண்டிலிருந்து குமிழ் குமிழாக ஹைட்ரஜன் கிளம்புகிறது. குமிழ் உட்கார்ந்த இடமெல்லாம் பூச்சில் ஓட்டை. "ஆம்பியரைக் குறைடா. இல்ல, விட்டு விட்டுக் கொடு, குமிழ் கழண்டுக்கும்" என்றேன். "அதைத்தான் மாமா பல்ஸ்னு பேப்பர்ல எழுதறாங்க" என்றான். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. போகட்டும். ஆய்வகத் தகட்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. காஸ்டிக் சோடா முறையில் செய்த இடுப்பு மூட்டு ஜப்பானில் நோயாளிகளுக்குப் போடும் அளவுக்கு வந்திருக்கிறது. நம் ஊரில் என்னைப்போன்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்மாப் பூச்சுதான்.

பிளாஸ்மாவுக்கும் வரலாறு இருக்கிறது. லண்டனில் ஃபர்லாங் என்கிற அறுவை மருத்துவர் 1985ல் முழுக்க இந்த உப்பைப் பூசிய தண்டை முதலில் வைத்தார். அடுத்த வருஷமே பிரான்சில் ஒரு டாக்டர் குழு இன்னொன்றைக் கொண்டுவந்தது. அதன் பெயர் கொராய். இதை எனக்குச் சொன்னவர் பிசியோதெரபியில் பழக்கமான ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எல்லாரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள். பிரான்சிலேயே அவருக்குக் கொராய் வைத்து வருஷம் பல ஆகிவிட்டது, இப்போது அடுத்த கால் முட்டிக்காக வந்திருந்தார். "கொராய்னா பவளம்யா. எனக்கு இடுப்புல பவளம் கட்டியிருக்கு" என்பார். நடை என்னைவிட நன்றாக இருந்தது.

இப்போது என் அனுபவம்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வலி இல்லை. ஆனால் காது வேலை செய்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம். முதலில் எலும்புக்குள் பல் வைத்த அரத்தை இறக்கி வழி செய்கிறார்கள். சின்னது, அடுத்த சைஸ், அதற்கடுத்த சைஸ். கடைசியில் தண்டு. டொக், டொக், டொக் என்று மொண்ணையாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஒரு அடியில் மாறி டணீர் என்றது. பாத்திரம் தட்டுகிறவனுக்கும் நகை தட்டுகிறவனுக்கும் அந்தச் சத்தம் தெரியும். இனிமேல் உள்ளே போகாது, உட்கார்ந்துவிட்டது. "உக்காந்துடுச்சு டாக்டர்" என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. மறுநாள் நர்ஸ் சொல்லிச் சிரித்தார். டாக்டரும் அந்தச் சத்தத்தைத்தான் கவனிப்பாராம். மேலே ஓர் அடி கூடினால் எலும்பு பிளந்துவிடும்.

மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்கவைத்தார்கள். ஆறு வாரம் வாக்கர், பிறகு ஊன்றுகோல். இந்தக் காலத்தில் இறுக்கத்தால் மட்டுமே தண்டு நிற்கிறது. எலும்பு மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்றார்கள். இரண்டாம் மாதம் தொடையின் நடுவில் ஒரு வலி. நாற்காலியிலிருந்து எழுந்து முதல் நாலைந்து அடி வைக்கும்போது மட்டும். தண்டின் நுனி எலும்பில் முட்டும் இடம். சிலருக்கு வரும், போய்விடும் என்றார் டாக்டர். எனக்கு நாலாம் மாதம்தான் போனது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பூச்சு உரிந்துவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் விழித்திருக்கமாட்டேன்.

ஊன்றுகோலை விட்ட வாரம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30. மகள் வீடு கடலூரில் குண்டு உப்பலவாடிப் பக்கம். மழை ஒரு நாள் அடித்து ஓய்ந்தது. சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை பொங்கி வந்துவிட்டது. முழங்காலளவு தண்ணீரில் மாப்பிள்ளை ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மேடான தெருவரை நடந்தேன். கால் வைக்கிற இடம் தெரியாது, கீழே சேறு. இடது கால் வழுக்கி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. அவ்வளவுதான், பூச்சோடு எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்தால் தண்டு ஒரு நூலும் இறங்கவில்லை. எந்தக் கம்பெனி விளம்பரமும் இந்த ஒரு எக்ஸ்ரேக்கு ஈடாகாது.

2025 ஆகஸ்டில் ஒரு வருஷ எக்ஸ்ரே. "இதுல கவரிங் எங்க டாக்டர்?" என்று கேட்டேன். "அது இதுல தெரியாதுங்க. உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவுல கறுப்புக் கோடு விழுந்திருக்கான்னுதான் பார்க்கணும். கோடு விழுந்தா இடைவெளி இருக்குன்னு அர்த்தம்." பேனா நுனியால் தண்டின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை வருடிக் காட்டினார். கோடு இல்லை. எலும்பு வெள்ளையும் உலோக வெள்ளையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. என் கவரிங் கரைந்துகொண்டிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. 29 வருஷம் மேல்பூச்சு அழிந்தால் சரக்கு போச்சு என்றே பழகிய கண்ணுக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

விலை. சிமெண்ட் வகையைவிட எனக்கு 40 ஆயிரம் கூடுதலாக வந்தது. அந்த 40 ஆயிரம் பூச்சுக்கா, தண்டின் வடிவத்துக்கா, பெயருக்கா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. பூச்சால் மட்டும் பெரிய லாபம் உண்டா என்பதிலும் ஒரே கருத்து இல்லை. ஒரே தண்டைப் பூச்சோடும் பூச்சில்லாமலும் ஒப்பிட்டு, எத்தனை வருஷம் நிற்கிறது என்பதில் வித்தியாசம் தெரியவில்லை என்று சுவீடன் நாட்டு இடுப்பு மூட்டு சிகிச்சைப் பதிவேட்டை வைத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். இடுப்பு மூட்டுகளைப் பொதுவாக எடுத்துக்கொண்டால், 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி நூற்றுக்கு 58 மூட்டு 25 வருஷம் தாங்குகிறது. ரெப்பின் லைஃப் டைமுக்கு இதுதான் சரியான மொழிபெயர்ப்பு. எனக்கு 82 வயதுவரை பாதிக்குமேல் வாய்ப்பு. போதும்.

கம்பெனி கையேடு. வழவழ காகிதத்தில் வெள்ளைக்காரத் தாத்தா சைக்கிள் ஓட்டுகிறார். பூச்சின் கனம் எத்தனை மைக்ரான், எந்த முறை, ஒட்டும் பலம் எவ்வளவு, ஒரு வரி இல்லை. இருநூறு ரூபாய் வளையலுக்கே மைக்ரான் கேட்கிறார்கள் ஐயா இப்போது!

அப்புறம் ஸ்டிக்கர். ஒவ்வொரு தண்டும் வரும் பெட்டிக்குள் ஸ்டிக்கர்கள் இருக்கும். எந்த உலோகம், எந்தப் பூச்சு, சைஸ், லாட் நம்பர் எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டி, ஒன்றை நோயாளியிடம் கொடுக்க வேண்டும். எனக்குக் கொடுக்கவில்லை. பில்லில் "இடுப்பு இம்ப்ளான்ட் - 1" என்று ஒரே வரி. லாட் நம்பர் தெரியாமல் நாளைக்கு அந்த லாட்டில் ஏதாவது கோளாறு என்று செய்தி வந்தால் நான் எங்கே போய் நிற்பேன்? கடலூரிலிருந்து மூன்று தடவை பஸ் ஏறிப் போனேன். முதல் தடவை ரெக்கார்டு ரூம் ஆள் லீவு. இரண்டாம் தடவை, "அது எங்க ஃபைல்ல பத்திரமா இருக்கு சார், உங்களுக்கு எதுக்கு?" மூன்றாம் தடவை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பேசிய பேச்சில் பத்து நிமிஷத்தில் கலர் ஜெராக்ஸ் வந்தது. பிளாஸ்மா ஸ்பிரே என்பதையே அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சம்மணம் போடக்கூடாது, குந்தக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது என்பதெல்லாம் மூட்டுக்குரிய பத்தியம், பூச்சின் குற்றமில்லை. கல்யாணப் பந்தியில் மேஜை போட்ட வரிசையைத் தேடுகிறேன், அவ்வளவுதான்.

யாருக்கு இது ஏற்றது? எலும்பு திடமாக இருந்து, வயதும் அறுபதை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். எழுபத்தைந்து வயது அத்தைக்கு விழுந்து எலும்பு முறிந்திருந்தால், விலை கூடுதல் என்பதற்காக இதுதான் உசத்தி என்று அடம்பிடிக்காதீர்கள். சிமெண்ட்தான் நல்லது என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எது போட்டாலும் ஸ்டிக்கர் கைக்கு வராமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். என்னுடைய ஜெராக்ஸை லாமினேட் போட்டுச் சாமி அலமாரியில் ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.